ஓர் அடிக்கு நடந்த விசாரணை

கண்டி நகரத்திலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் நான் வேலை செய்த ஆஸ்பத்திரி வரும். அதன் பெயர் வேண்டாம். அங்கே மனநோயாளர் வார்ட்டில் பதினெட்டு வருஷம் ஆண் தாதியாக இருந்தேன். ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று வார்ட் இரண்டாகப் பிரிந்திருந்தாலும் நடுவில் இருந்தது ஒரே கூடம். சாப்பாடு, மருந்து, உறவினர்கள் வந்து பார்ப்பது எல்லாம் அங்கேதான். தாதிமாரில் ஆண்கள் நாங்கள் மூன்று பேர். மற்ற இருவரும் சிங்களவர்கள். பெண்களில் தமிழ் பேசுகிறவர் ஒரே ஒருவர், யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட ஆறு வயது மூத்தவர், கல்யாணம் செய்யாதவர். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். அவர் ஒரு நோயாளியின் கன்னத்தில் அறைந்தார் என்று விசாரணை நடந்தது. நான் அதைவிடப் பெரிய காரியங்கள் செய்திருக்கிறேன். என்னை ஒருவரும் விசாரிக்கவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, தாதிமாருக்குத் தலைவியான மேற்றன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நல்ல உயரம், பிடிக்க உதவும்" என்று சிங்களத்தில் சொன்னார். என்ன பிடிக்க என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. அடுத்த நாளே விளங்கிற்று. நோயாளி முரண்டு பிடித்தால், ஊசி போட விடாவிட்டால், சுவரில் தலையை முட்டினால், "மல்லி!" என்று குரல் வரும். சிங்களத்தில் தம்பி என்று அர்த்தம். நான் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும். மணிக்கட்டை எங்கே பிடித்தால் கை தளரும், தொடையில் முழங்காலை எப்படி ஊன்றினால் உதைக்க முடியாது என்பதெல்லாம் ஒரு மாதத்தில் படிந்துவிட்டது. தாதிப் பயிற்சியில் மூன்று வருஷம் படித்த எதுவும் அந்த வார்ட்டில் எனக்குத் தேவைப்படவில்லை.

மற்ற வேலைகள் பெண்களுக்கு. கழுவுவது, தலை வாருவது, ஊட்டுவது, அழுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது, உறவினர்களுக்குப் பதில் சொல்வது. ஒருநாள் ஆள் இல்லாததால் ஒரு கிழவருக்கு நான் நாலு கரண்டி கஞ்சி ஊட்டினேன். அந்த நேரம் பார்த்து வார்ட்டைச் சுற்றிவந்த பெரிய டொக்டர் நின்று, "பாருங்கள், ஆம்பிளையாக இருந்தும் ஒரு தாயைப் போல" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். பக்கத்துக் கட்டிலில் அக்கா அன்று பன்னிரண்டாவது ஆளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

பெண்கள் அழுவதற்கு ஓர் இடம் இருந்தது. படுக்கை விரிப்புகள் அடுக்கியிருந்த சின்ன அறை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள், பத்து நிமிஷத்தில் முகம் கழுவிக்கொண்டு வெளியே வருவார்கள், யாராவது ஒரு தேத்தண்ணி கொடுப்பார்கள். எனக்கும் ஒருமுறை கை நடுங்கிற்று. பள்ளிக்கூடத்தில் படிப்பித்த ஒரு மனிதரை நாலு பேரோடு சேர்ந்து பிடித்து அமுக்கியபோது அவர் என்னைப் பார்த்து, "மகனே, நான் உனக்கு என்ன செய்தேன்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு வாங்கில் உட்கார்ந்துவிட்டேன். வார்ட்டைக் கூட்டுகிறவன் என் கைகளைப் பார்த்துச் சிரித்து, மற்றவர்களையும் கூப்பிட்டுக் காட்டினான். அதோடு நான் உட்காரவில்லை. கை நடுங்குவதும் நின்றுபோயிற்று. அது நின்றதை நான் நல்லது என்று நினைத்தேன்.

எண்பத்துமூன்றில் தமிழரின் கடைகளையும் வீடுகளையும் எரித்த ஆடிக் கலவரத்தின்போது அக்காவை சிங்களத் தாதிமார் அந்த விரிப்பு அறைக்குள்தான் ஒளித்து வைத்திருந்தார்கள். இரண்டு நாள் அதற்குள் இருந்தார். மூன்றாம் நாள், ஆள் போதாது என்று மேற்றன் கதவைத் திறந்து அவரை வேலைக்கு இறக்கினார். ஆஸ்பத்திரித் தெருவில் கடைகள் எரிந்த மணம் வார்ட்டுக்குள் வந்துகொண்டிருந்தபோது, அவர் மருந்துத் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போனாராம். நான் அப்போது கடுகண்ணாவையில் பக்கத்து வீட்டுச் சிங்களவரின் மாட்டுக் கொட்டகையில் மனைவியோடு படுத்துக் கிடந்தேன். ஒரு கிழமை கழித்து நான் வேலைக்கு வந்தபோது அக்கா, "வந்திட்டீரோ? நல்லம்" என்றார். அவ்வளவுதான்.

கலவரத்துக்குப் பிறகு தமிழ் நோயாளிகள் கூடிவிட்டார்கள். கடை எரிந்தவர்கள், புருஷனை இழந்தவர்கள், ஒன்றும் இழக்காமலே பயத்தில் பேச்சு நின்றுபோனவர்கள். ஆண்களோ பெண்களோ, தமிழ் என்றால் அக்காவின் தலையில்தான் போடுவார்கள். எனக்கும் தமிழ் தெரியும். ஆனால் ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. ஆம்பிளைக்கு அதெல்லாம் வராது என்பது மேற்றனின் எண்ணம். அந்த எண்ணம் எனக்கு வசதியாக இருந்தது. யாராவது என்னிடம் வந்து தமிழில் ஏதும் தொடங்கினால், "அக்காவைக் கேளுங்க" என்று கையைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

"நீர் கொஞ்சம் கதைச்சாலென்ன? வாய் தேஞ்சு போகுமோ?" என்று அக்கா ஒருநாள் கேட்டார்.

"நீங்க பேசுற மாதிரி எனக்கு வராதுக்கா."

"எனக்கு மட்டும் பிறக்கேக்கையே வந்ததோ?"

நான் சிரித்துக்கொண்டு போய்விட்டேன்.

அவர் அம்பிட்டியவில் ஒரு வீட்டின் பின்பக்கத்தில் இரண்டு அறை எடுத்துத் தங்கியிருந்தார். போர் முற்றி, ஊரில் வீட்டுக்கு மேல் ஷெல் விழத் தொடங்கியதும், பக்கவாதத்தில் கிடந்த தகப்பனையும் அங்கே கொண்டுவந்து சேர்த்துக்கொண்டார். தம்பிமார் இரண்டு பேரும் வெளிநாட்டில். 'நீ நர்ஸ்தானே, உனக்குப் பழக்கம், எங்களுக்கு இங்கே நிம்மதி' என்று அவர்கள் கடிதம் எழுதுவார்கள். ஒரு கடிதத்தை எனக்கு வாசித்தே காட்டினார். வார்ட்டில் காலையில் பத்துப் பேரைக் கழுவிவிட்டு, பின்னேரம் பஸ் ஏறிப் போய்ப் பதினோராவது ஆளைக் கழுவுவார். பக்கத்து வீட்டுப் பெண் பகலில் வந்து எட்டிப்பார்ப்பாள். அவ்வளவுதான் உதவி.

"உள்ளுக்கை ஒண்டும் இல்லைத் தம்பி. இறைச்சு முடிஞ்ச கிணறு மாதிரிக் கிடக்கு" என்றார். அப்போது அவர் மருந்துக் குளிசைகளைச் சின்னக் கோப்பைகளில் எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தார். எண்ணிக்கை தவறவில்லை.

வார்ட்டை மாற்றித் தரச் சொல்லி மூன்று முறை கேட்டார். சத்திர சிகிச்சைக் கூடம், வெளிநோயாளர் பகுதி, களஞ்சியம், எங்கே என்றாலும் சரி என்றார். "நீ போனால் உன் ஆட்களை யார் பார்ப்பது? பெண்ணுக்கு இதெல்லாம் தானாக வரும், இன்னும் கொஞ்சம் பொறு" என்று மேற்றன் சொல்லி அனுப்பினார். அதே வருஷம், எங்களில் ஒருவனான சிங்கள ஆண் தாதி குடித்துவிட்டு வேலைக்கு வரத் தொடங்கினான். இரண்டு முறை ஊசி மருந்தை மாற்றிப் போட்டான். "பாவம், ஆம்பிளைப் பிள்ளை, எவ்வளவைத்தான் தாங்கும்" என்று எல்லோரும் இரக்கப்பட்டார்கள். ஒரு மாத லீவு கொடுத்து, பிறகு எக்ஸ்ரே பகுதிக்கு மாற்றினார்கள். அங்கே பின்னேரம் நாலு மணியோடு வேலை முடியும்.

வடக்கில் போர் நடந்துகொண்டிருக்கத் தெற்கிலும் அரசை எதிர்த்த சிங்கள இளைஞர்களைத் தேடிப் பிடித்து எரித்த காலம் வந்தது. கண்டிக்கு வரும் வழியில் காலையில் பாலத்தடியில் உடல்கள் கிடக்கும். பஸ்ஸில் எல்லோரும் மறுபக்கம் பார்ப்பார்கள். அந்த நாட்களில் ஒரு சிங்களப் பையனைக் கொண்டுவந்தார்கள். பல்கலைக்கழக மாணவன். இராணுவத்தினர் பிடித்து, எங்கேயோ வைத்திருந்து, விட்டிருக்கிறார்கள். பேச மாட்டான், சாப்பிட மாட்டான், கிட்டப் போனால் துப்புவான். தினமும் நான்தான் பிடிப்பேன். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ என் முகத்தில் துப்பினான். நான் அவன் கையை முதுகுக்குப் பின்னால் வளைத்தேன். ஊசி போட்டு முடிந்தது. போட்ட தாதியும் போய்விட்டாள். நான் விடவில்லை. இன்னும் கொஞ்சம் வளைத்தேன். உள்ளே பச்சைக் கொப்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அந்த நேரம் எனக்குள் ஒரு சுகம் வந்தது. இதை எழுதாமல் விடலாம். ஆனால் அது வந்தது. வெயிலில் நடந்து வந்தவன் தண்ணீர் குடித்த மாதிரி இருந்தது.

நிமிர்ந்தபோது வாசலில் அக்கா நின்றார்.

அவர் உள்ளே வந்து பையனின் கையைத் தொட்டுப் பார்த்தார். பலகைத் துண்டு வைத்துக் கட்டினார். பிறகு மேசைக்குப் போய் வார்ட் புத்தகத்தைத் திறந்து, நோயாளி கட்டிலிலிருந்து விழுந்ததால் கை முறிந்தது என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.

"ஒருக்காத்தான் எழுதுவன். உமக்குச் சின்னப் பிள்ளை இருக்கு" என்றார்.

அந்தச் சின்னப் பிள்ளைக்கு அப்போது மூன்று வயது. அதே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுக்க வேண்டியிருந்தது. மாட்டேன் என்று ஓடினாள். பிடித்தேன். எப்படிப் பிடித்தேன் என்று எனக்குத் தெரியாது. மனைவி குசினியிலிருந்து ஓடிவந்து என் தோளில் அடித்தாள்.

"விடுங்க! புள்ளைய விடுங்க! மூச்சு விட முடியாம கெடக்குது!"

கீழே பார்த்தால் பிள்ளையின் இரண்டு மணிக்கட்டும் என் ஒரு கைக்குள் இருந்தன. முழங்கால் அவள் தொடையில். மருந்து முழுக்க உள்ளே போயிருந்தது. அதன் பிறகு மனைவி பிள்ளைக்கு மருந்து கொடுப்பதெல்லாம் நான் வீட்டில் இல்லாத நேரத்தில்தான்.

ஒரு வயதான அம்மாளை நாலைந்து மாதம் கழித்துப் பொலிஸ்காரர்கள் கொண்டுவந்து விட்டார்கள். தேயிலைத் தோட்டத்து அம்மாள். மூத்த மகன் கொழும்பில் ஒரு கடையில் வேலைக்கு நின்றவன். ஆடிக் கலவரத்தோடு காணாமல் போனவன். உடலும் இல்லை, செய்தியும் இல்லை. வருஷக்கணக்காகக் கண்டி ரயில் நிலையத்துக்கு வந்து, கொழும்பிலிருந்து வருகிற ஒவ்வொரு ரயிலிலும் இறங்குகிறவர்களின் முகத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்ப்பாராம். ஒரு இராணுவச் சிப்பாயின் முகத்தையும் திருப்பிவிட்டார். அதனால்தான் பிடித்தார்கள்.

சிங்களம் ஒரு சொல் தெரியாது. அதனால் அக்காவை விட்டு நகர மாட்டார். ஒரே கேள்விதான்.

"பெரியவன் வந்துட்டானா மிஸ்ஸி?"

"இன்னும் இல்லையணை. வந்தால் சொல்லுவன்."

"சரி மிஸ்ஸி."

பத்து நிமிஷம் போகும். திரும்பவும் வருவார். அக்கா கழிவறைக்குப் போனால் கதவுக்கு வெளியே நிற்பார். வேலை முடிந்து உடுப்பு மாற்றிக்கொண்டு போகும்போது ஆஸ்பத்திரி வாசல் படலை வரைக்கும் பின்னால் போவார். ஒரு வருஷத்துக்கு மேலாக, ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று யாராலும் சொல்ல முடியாது. அக்கா ஒவ்வொரு முறையும் பதில் சொன்னார். குரல் மட்டும் மாதத்துக்கு மாதம் தாழ்ந்துகொண்டே வந்தது.

அறைந்த நாள் ஒரு புதன்கிழமை, உறவினர் பார்க்க வருகிற நேரம். அன்று காலையில் அக்காவின் தகப்பன் கட்டிலிலிருந்து விழுந்திருந்தார். அவரைத் தூக்கிக் கிடத்திவிட்டு அக்கா தாமதமாக வந்து, எல்லோர் முன்னாலும் மேற்றனிடம் ஏச்சு வாங்கினார். கூடத்தில் ஒரு பெண்ணுக்குப் பாண் துண்டுகளைப் பாலில் தோய்த்து ஊட்டிக்கொண்டிருந்தார். நான் யன்னலோரம் சாய்ந்து நின்றேன். செய்ய ஒரு வேலையும் இல்லை. அந்த அம்மாள் முதலில் என்னிடம்தான் வந்தார்.

"பெரியவன் வந்துட்டானா ஐயா?"

அக்கா பக்கம் கையைக் காட்டினேன்.

அவர் அங்கே போய்க் கேட்டார். அக்கா பதில் சொன்னார். இரண்டு நிமிஷத்தில் திரும்பவும் கேட்டார். அக்கா ஊட்டுவதை நிறுத்தவில்லை, பதிலும் சொல்லவில்லை. அம்மாள் குனிந்து, ரயில் நிலையத்தில் செய்வது போலவே, அக்காவின் தாடையைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினார்.

அக்கா அறைந்தார். கோப்பை விழுந்து பால் சிந்தியது. அந்த அம்மாள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. மெதுவான குரலில், "அப்ப வரலியா?" என்று கேட்டார்.

மனைவியைப் பார்க்க வந்திருந்த ஓர் அரசாங்க உத்தியோகத்தர் எழுந்து நேரே மேற்றனின் அறைக்குப் போனார்.

இரண்டு கிழமைக்குள் விசாரணை வைத்தார்கள். பெரிய டொக்டர், மேற்றன், நிர்வாகப் பகுதியிலிருந்து ஒருவர். அக்காவிடம் முன்பே எழுத்தில் விளக்கம் வாங்கியிருந்தார்கள். நாலைந்து பக்கம் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். மேசையில் அந்தத் தாள்கள் இருந்தன. கண்ணால் பார்த்த சாட்சி என்று என்னைக் கூப்பிட்டார்கள்.

"அடித்ததைப் பார்த்தாயா?"

"பார்த்தேன் சேர்."

"நோயாளி அவளைத் தாக்கினாளா?"

"இல்லை சேர். முகத்தைத் திருப்பினார்."

"சாதாரணமாக இவள் எப்படி? முரட்டுத்தனமா?"

இங்கே நான் சொல்லியிருக்கக்கூடியவை பல. தமிழ் நோயாளிகள் அத்தனை பேரும் ஒரே ஆளின் தலையில் என்று சொல்லியிருக்கலாம். அந்த அம்மாளை நான்தான் அனுப்பினேன் என்று சொல்லியிருக்கலாம். போர் நடக்கிற நாட்டில் தமிழனுடைய பைலில் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தால் அது எங்கே போய் முடியும் என்ற பயம் உண்மையாகவே இருந்தது. ஆனால் பயத்தை மட்டும் காரணம் காட்டினால் பொய். அந்தப் பையனின் கை பற்றிய பேச்சு வந்துவிடக் கூடாது என்பதுதான் எனக்கு முக்கியமாக இருந்தது.

"கொஞ்ச நாளாக அவருக்குப் பொறுமை இல்லை சேர்" என்றேன்.

டொக்டர் மேற்றனைப் பார்த்தார். "ஒரு பிள்ளையைப் பெற்றிருந்தால் இப்படிக் கை நீட்டியிருக்க மாட்டாள். உள்ளே ஈரம் இல்லாத பெண்" என்றார். மேற்றன் ஆமோதித்தார். நானும் தலையை ஆட்டினேன். பிறகு டொக்டர் என்னைக் காட்டிச் சொன்னார்: "இந்த ஆளைப் பாருங்கள். எத்தனை முரட்டு நோயாளிகளைச் சமாளிக்கிறான். ஒரு முறைப்பாடு உண்டா?"

வெளியே வாங்கில் அக்கா உட்கார்ந்திருந்தார்.

"என்ன கேட்டவை?"

"ஒண்ணும் இல்லக்கா. பாத்தியான்னு கேட்டாங்க."

"ம்."

அனுராதபுரத்துக்கும் அப்பால், போர் எல்லைப் பக்கமாக ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு அவரை மாற்றினார்கள். கிழமைக்கு ஒரு கண்ணிவெடி வெடிக்கிற பாதை அது. பக்கவாதத் தகப்பனைத் தூக்கிக்கொண்டு அங்கே போக முடியாது என்று அவர்களுக்கும் தெரியும். அக்கா வேலையை விட்டார். கடைசி நாள் அலுமாரிச் சாவியை மேசையில் வைத்துவிட்டு, வழக்கமான நேரத்துக்குப் போனார். அந்த அம்மாள் படலை வரைக்கும் பின்னால் போனார். தாதிமார் ஒருவரும் வெளியே வரவில்லை. நானும் ஒரு நோயாளியைப் பிடிப்பதற்காக உள்ளே நின்றேன். அன்று பிடிக்க வேண்டிய அவசியம் பெரிதாக இருக்கவில்லை.

அதன் பிறகு அந்த அம்மாளுக்குத் தமிழில் பதில் சொல்ல நான் ஒருவன்தான். சிங்களத் தாதிமாரிடம் கேட்டுப் பார்ப்பார், அவர்கள் அவரைத் திருப்பிப் படுக்க அனுப்புவார்கள், என்னிடம் வருவார். கை காட்ட ஆள் இல்லை. பதினேழு நாள் அவருக்குப் பதில் சொன்னேன். அக்கா ஒரு வருஷத்துக்கு மேல் சொன்னதை என்னால் பதினேழு நாள்தான் சொல்ல முடிந்தது. பதினெட்டாம் நாள் காலை, மருந்து கொடுக்கிற நேரம், வரிசையில் நின்றுகொண்டே கேட்டார்.

"பெரியவன் வந்துட்டானா ஐயா?"

"உங்க மகன் செத்துட்டான்" என்றேன். "கொழும்புல எரிச்சுட்டாங்க. இனி வர மாட்டான். கேக்காதீங்க."

எனக்கு அது உண்மையா என்று தெரியாது. அவனைப் பற்றி ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. அடிக்கவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. சாப்பாடு வந்துவிட்டது என்று சொல்கிற குரலில்தான் சொன்னேன். அவர் என் முகத்தைத் தொடவில்லை. குளிசையை வாங்கி விழுங்கிவிட்டுக் கட்டிலுக்குப் போனார். அதற்குப் பிறகு அவர் யாரிடமும் எதையும் கேட்கவில்லை.

அந்தக் கிழமை சுற்றிவந்தபோது டொக்டர் அந்தக் கட்டிலருகே நின்றார். "இவள் அமைதியாகிவிட்டாளே, என்ன செய்தீர்கள்?" என்றார். "மல்லி அவளோடு தமிழில் கதைத்திருக்கிறான்" என்று மேற்றன் பெருமையாகச் சொன்னார். டொக்டர் என் முதுகில் தட்டினார்.

சாப்பாடும் நின்றது. மூக்கால் குழாய் விட்டுக் கஞ்சி கொடுத்தார்கள். குழாய் விடும்போது தலையைப் பிடித்தவன் நான். பிடிக்கத் தேவையே இருக்கவில்லை, அந்தத் தலை அப்படியே கிடந்தது. சித்திரை வருஷப் பிறப்புக்கு இரண்டு நாள் முந்தி இறந்துபோனார். எடுத்துக்கொண்டு போக ஒருவரும் வரவில்லை.

அடுத்த வருஷம் என்னை வார்ட்டுக்குப் பொறுப்பாளனாக்கினார்கள்.

அக்காவைத் திரும்பப் பார்த்தது ஆறேழு வருஷம் கழித்து, அக்குறணையில். வீட்டு வேலைக்குக் கதவுக் கீல் வாங்க ஓர் இரும்புக் கடைக்குப் போனேன். உள்ளே மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. முதலாளி, தாடி வைத்த முஸ்லிம் பெரியவர், "தங்கச்சி, இவருக்குக் கீல் காட்டுங்க" என்று சொல்லிவிட்டுத் தொழப் போனார்.

"இன்னும் அங்கைதானோ?" என்று கேட்டார்.

"ஓமக்கா. இப்ப வார்ட் என் பொறுப்பு."

"கேள்விப்பட்டனான்."

"அப்பா எப்படி இருக்காங்க?"

"போயிட்டார். எனக்கு அழுகை வரேல்லை. நாளையிலை இருந்து கழுவத் தேவையில்லை எண்டுதான் முதல் நினைச்சன்." கீல்களை எடுத்து மேசையில் வைத்தார். "இந்த வேலை நல்லம். ஆணியும் கீலும் என்னைக் கூப்பிடாது."

நான் பல வருஷமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சைத் தொடங்கினேன். அந்தப் பையனின் கையைப் பற்றி விசாரணையில் ஒரு சொல்லும் சொல்லாமல் என்னைக் காப்பாற்றினீர்கள், அதை என்றைக்கும் மறக்க மாட்டேன் என்றேன். என் மனைவியிடம்கூட அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன். அப்படி ஒரு மனுஷி என்று.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஆர் சொன்னது நான் சொல்லேல்லை எண்டு? எழுதிக் குடுத்தனான். நான் பொய்யா எழுதினதையும் சேர்த்துத்தான் எழுதினனான். டொக்டர் வாசிச்சுப்போட்டு என்னைக் கூப்பிட்டுக் கேட்டவர், இதை ஏன் இதுக்குள்ளை கொண்டு வாறாய் எண்டு. ஆம்பிளை ஆள், அவன்ரை வேலை அது, கை பிசகிறதுதானே எண்டு சொன்னவர்."

என்னைக் கூப்பிடுவதற்கு முன்பே அவர்கள் அதை வாசித்திருக்கிறார்கள். வாசித்த பிறகுதான் என்னைப் புகழ்ந்திருக்கிறார்கள். எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை, கோபம். என்னைக் காட்டிக்கொடுத்திருக்கிறாரே என்ற கோபம்.

அந்தக் கோபத்தில்தான், அவரைக் குத்த வேண்டும் என்றுதான், அந்த அம்மாள் செத்ததையும் சொன்னேன். அந்த அம்மாளிடம் நான் என்ன சொன்னேன் என்பதையும் சொன்னேன். அக்கா கீல்களைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கும் அது நாளுக்கு நூறுதரம் வாயிலை வந்தது. அண்டைக்கும் வந்தது. அதைச் சொல்லாமல் விடத்தான் கை போனது. நீர் சொல்லிப்போட்டீர். சரி, வேறை என்ன வேணும்? பின்னாலை ஆக்கள் நிக்கினம்."

வேறு ஒன்றும் வேண்டாம் என்றேன்.

மறுநாள் வேலைக்குப் போனதும் பழைய பைல்கள் இருந்த அறையைத் திறந்தேன். பொறுப்பாளன் என்பதால் சாவி என்னிடம்தான். விசாரணைப் பைல் அங்கேயே இருந்தது. அக்காவின் ஆங்கிலக் கையெழுத்து ஒரு வரியும் வளையாமல் நேராக ஓடிற்று. வார்ட்டை மாற்றித் தரச் சொல்லி மூன்று முறை கேட்டதை முதலில் எழுதியிருந்தார். என்னைப் பற்றிய பந்தி மூன்றாம் பக்கத்தில். அந்தப் பந்தியின் ஓரத்தில் யாரோ பென்சிலால் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்து, 'அவசியமில்லை' என்று சிங்களத்தில் எழுதியிருந்தார்கள்.

அந்தத் தாளைக் கிழித்துவிடலாம் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கிழிக்கத் தேவையில்லை, இதை ஒருவரும் எந்தக் காலத்திலும் தேடப் போவதில்லை என்று விளங்கிற்று. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கதவைப் பூட்டினேன்.